ரோஸ் தாளில் பதினோரு கையெழுத்து

இதனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் வட்டாரங்களில் வசிக்கும், வசிப்பதாக வாடகை கொடுக்கும், ஷிஃப்ட் முடிந்து தூங்க மட்டும் வரும் சகலவிதப் பொறியாளர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: தேர்வறையில் கணக்குப் போட்டுப் பார்க்கும் தாள் இனி வெறும் தாள் அல்ல. அது உரிமப் பொறியாளர் பேரவையின் சொத்து. அதன் நிறம் ரோஸ். தலைக்கு மூன்று. அதைக் கிழிக்கக் கூடாது, மடிக்கக் கூடாது, விசிறிக்கொள்ளக் கூடாது, கண்ணாடி துடைக்கக் கூடாது. கொடுத்த மூன்றையும் திருப்பிக் கொடுக்காதவர் இந்தத் திருநாட்டில் எதையும் கட்டவோ, இடிக்கவோ, எதற்கும் சான்று தரவோ தகுதியற்றவர் ஆவார்.

பேரவையின் கையேடு மொத்தம் இருபத்திரண்டு பக்கம். நேர்மை, மக்கள் பாதுகாப்பு, தொழில் தர்மம் மூன்றும் சேர்ந்து ஒரு பத்தி. ரோஸ் தாளுக்குப் பதினேழு விதிகள். இத்தனைக்கும் விடைகளைக் கணினியில் மௌஸைச் சொடுக்கித்தான் தர வேண்டும். ரோஸ் தாளை யாரும் திருத்துவதில்லை, யாரும் படிப்பதில்லை. யாருமே படிக்காத ஒன்றுக்குத்தான் காவல் பலமாக இருக்க வேண்டும் என்பது நிர்வாகக் கலையின் பாலபாடம்.

பதினேழில் இரண்டு விதிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். விதி ஆறு: அழிப்பான் கிடையாது, தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடிக்கவும். விதி ஒன்பது: தாளில் பெயர், கையொப்பம், சின்னம் முதலிய எவ்வித அடையாளமும் இடலாகாது, இட்டால் அது முறைகேடு, மூன்றாண்டுத் தடை.

ஆறாவது விதியை எழுதியவருக்கும் ஒன்பதாவது விதியை எழுதியவருக்கும் பாண்டிச்செல்வி என்று ஒருத்தி இருப்பது தெரியாது.

பாண்டிச்செல்விக்கு வயது முப்பத்திரண்டு. ஊர் விளாத்திகுளம் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு வடக்கே பஸ் ஏறியவள். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரத்தில் பி.இ. முடித்தாள். ஒரகடத்தில் பாரம் தூக்கும் கொக்கியும் சங்கிலியும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாகத் தரப் பரிசோதனை. ஐந்து டன் கொக்கியைப் பத்து டன்னில் இழுத்துப் பார்ப்பாள். தாங்கினால் பச்சைத் தொட்டி. வாயைத் திறந்தால் சிவப்புத் தொட்டி.

பரிசோதனை அவளுடையது. கையெழுத்து ஹேமந்துடையது.

ஹேமந்த் உரிமம் பெற்ற பொறியாளர். வெள்ளிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து காரில் வருவார். அறிக்கையின் அடியில் ‘உரிமப் பொறியாளர்’ என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். அதில் ஸ்பிரிங் அறுந்து தெறித்த மாதிரி ஒன்றைப் போடுவார். ஒரு டீ ஆறுவதற்குள் அறுபது அறிக்கை. ஒரு வெள்ளிக்கிழமை பாண்டிச்செல்வி அடுக்கின் நடுவில் கேன்டீன் மெனுவைச் செருகி வைத்துப் பார்த்தாள். அதற்கும் ஸ்பிரிங் தெறித்தது. அன்றைய சாம்பாரும் கோஸ் பொரியலும் மோரும் பத்து டன் வரை பாதுகாப்பானவை என்று உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் சான்றளித்தது இந்தியத் தொழில்துறை வரலாற்றில் அதுவே முதல்முறையாக இருக்கும்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும், அந்த நவம்பர் மட்டும் வராமல் இருந்தால். சாயம் தடவிப் பார்த்தபோது ஒரு கொக்கியின் கழுத்தில் மயிரிழை விரிசல் சிவப்பாகத் தெரிந்தது. பாண்டிச்செல்வி அறிக்கையின் ஓரத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதினாள். ஹேமந்த் பார்த்தார்.

“இது ஸ்க்ராட்ச்சும்மா. இன்னிக்கு டிஸ்பேட்ச். லாரி நிக்குது பார்.”

“ஸ்க்ராட்ச்சுக்கு சாயம் இறங்காது சார்.”

“லைசென்ஸ் யார் கையில கீது? உன் கையிலயா, என் கையிலயா?”

கொக்கி போனது. பதினைந்தாம் நாள் வாங்கியவர்களுடைய யார்டில் வாயைத் திறந்தது. கீழே ஆள் இல்லை. ஒரு சூப்பர்வைசரின் புது பைக் மட்டும் நின்றது. குழாய்க் கட்டு விழுந்ததில் அது தோசைக்கல் ஆனது. விசாரணையில் ஹேமந்த், “அந்தப் பொண்ணு முறைப்படி சொல்லல” என்றார். உண்மைதான். ஓரத்தில் எழுதியது முறைப்படி ஆகாது. கட்டத்துக்குள் எழுதினால்தான் முறை. கட்டம் அவளுக்குக் கிடையாது. வேண்டாம் என்று சொல்லவும் இந்த உலகத்தில் ஒரு கட்டம் தேவைப்படுகிறது. அந்தக் கட்டத்துக்கு ஓர் உரிமம் தேவைப்படுகிறது.

ஃபேக்டரி மேனேஜர் மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “மார்ச்சுல அந்தாளோட கான்ட்ராக்ட் முடியுது. அதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிகினு வா, கட்டம் உன்னுது. இல்லன்னா இன்னும் மூணு வருஷத்துக்கு அவரேதான்.”

ஜனவரியில் தேர்வு. மார்ச்சுக்குள் அது ஒன்றுதான்.

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு பொறியியல் கல்லூரி. மாணவர் சேர்க்கை மெலிந்துபோய், ஞாயிற்றுக்கிழமைகளில் கணினிக் கூடத்தைத் தேர்வுகளுக்கு விட்டுவிடுவார்கள். அன்று வாசலில் அறுபது பேர் நின்றார்கள். எல்லோருமே முதல்நாள் ஷிஃப்ட் பார்த்த கண்கள். செக்யூரிட்டி அம்மாள் பாண்டிச்செல்வியின் கைப்பையைக் குடைந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

“இன்னாது இது?”

“திருநீறுக்கா. வல்லக்கோட்டைல வாங்குனது.”

“திருநீறு உள்ள போலாம். சுத்தியிருக்கிற பேப்பர் போவாது. வெளிப் பேப்பர் அலவ்டு இல்ல.”

திருநீற்றைப் பேப்பர் இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது என்று கையேட்டில் விதி இல்லை. பாண்டிச்செல்வி முழுப் பொட்டலத்தையும் நெற்றியில் கவிழ்த்தாள். மீந்ததைச் செக்யூரிட்டி அம்மாள் பூசிக்கொண்டாள். அப்போதும் மீந்தது. பின்னால் நின்ற ஆள் நெற்றியை நீட்டினார். நாற்பதைத் தாண்டியவர், பாய்லர் ஹவுசில் வேலை, பெயர் இசக்கிதுரை.

“அப்படியே இங்கயும் ஒரு பட்டை போட்டிரும்மா தங்கச்சி. எனக்கு இது மூணாவது தடவ. படிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் நடக்கல. இனி முருகம்பாடு.”

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

“நாங்குனேரி. நீ விளாத்திகுளமா? பேச்சுல கரிசல் மண்ணு ஒட்டியிருக்கே!”

உள்ளே முதன்மைக் கண்காணிப்பாளர் ஜெகநாதன் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலிடெக்னிக் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் வாலாஜாபாத். அவருக்கு இரண்டு தமிழ் உண்டு. மைக்குக்கு ஒன்று, மைக் இல்லாத இடத்துக்கு ஒன்று.

“தேர்வர்களே! உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் மூன்று தாள்களும் வெறும் தாள்கள் அல்ல. அவை உங்கள் மீது தேசம் வைத்திருக்கும் நம்பிக்கை. நம்பிக்கையை எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.”

அறுபது பேரும் நம்பிக்கையை எண்ணினார்கள். மூன்று இருந்தது.

இசக்கிதுரை கையைத் தூக்கினார். “சார், பின்பக்கம் எழுதலாமா?”

ஜெகநாதன் கையேட்டைப் புரட்டினார். பின்பக்கத்தைப் பற்றிப் பேரவை மௌனம் சாதித்திருந்தது. மைக்கை மறந்துவிட்டு, பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் ராஜலட்சுமியிடம் திரும்பினார். “இன்னாம்மா, பின்னாடி எய்தலாமா? ஒண்ணுமே போட்ல இதுல.” கூடம் முழுக்கக் கேட்டது. அந்தக் கல்லூரியிலேயே விரிவுரையாளரான ராஜலட்சுமி தோளைக் குலுக்கினார். ஜெகநாதன் செருமிக்கொண்டு முதல் தமிழுக்குத் திரும்பினார். “பின்பக்கம் குறித்து முடிவு பின்னர் அறிவிக்கப்படும்.”

இன்றுவரை அறிவிக்கப்படவில்லை.

ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கியது. நூறு கேள்வி, மூன்று மணி நேரம். பாண்டிச்செல்விக்குப் பயம் போய்விட்டது. கேள்விகள் எல்லாம் தினமும் அவள் கையில் எண்ணெயோடு பிசுபிசுக்கிற விஷயங்கள். ஏழாவது கேள்வியில் விட்டத்தை இருபத்தைந்து என்பதற்குப் பதிலாக இருபத்துநாலு என்று எழுதிவிட்டாள். அழிப்பான் இல்லை. ஒரே கோட்டால் அடித்தாள்.

அந்தக் கோட்டோடு கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

காரணம் அவளுடைய தொழிற்சாலைச் சுவரில் மூன்றடி உயர எழுத்தில் இருக்கிறது: ‘அடி. கையெழுத்துப் போடு. தேதி போடு.’ எந்த எண்ணைத் திருத்தினாலும் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று தெரிய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அவள் ஒரு மூன்றை எட்டாக மாற்றி மேலேயே எழுதிவிட்டாள். ஆடிட்டுக்கு வந்தவர் அந்த எட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டாயிரத்து நானூறு கொக்கிகளையும் மறுபடி சோதிக்கச் சொன்னார். ஒன்பது நாள் ஆயிற்று. அதிலிருந்து அது புத்தியில் இல்லை, விரலில் இருக்கிறது. சுங்குவார்சத்திரம் ரூமில் மளிகை லிஸ்ட் எழுதும்போது தக்காளியை அடித்தால்கூட பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் விழும். கூடத் தங்கியிருக்கும் சுகப்பிரியா கேட்பாள்: “ஏட்டி, தக்காளிய கேன்சல் பண்ணுனதுக்கு எந்தக் கோர்ட்ல வாய்தா?”

ஆக, இருபத்துநாலுக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, ஒரு தேதி. அவளுக்கே தெரியாமல். பதினொன்றரை மணிக்குள் அறுபத்தெட்டுக் கேள்விகள் முடிந்திருந்தன. பதினோரு இடத்தில் அடித்திருந்தாள். பதினோரு கையெழுத்து.

வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டிருந்த ராஜலட்சுமி நின்றார். குனிந்தார். மறுபடி நின்றார்.

“ஏம்மா, இன்னாம்மா இது?”

“எது மேடம்?”

“இது. இது. இது. இன்னா எய்திகினு கீற?”

பாண்டிச்செல்வி பார்த்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

ஜெகநாதன் வந்தார். ரோஸ் தாளை இரண்டு விரலால் பாம்புச்சட்டையைத் தூக்குவது மாதிரித் தூக்கினார்.

“கையெழுத்து. தேதியோட. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினொண்ணு! யாருக்கும்மா சிக்னல் கொடுக்குற?”

“சிக்னல் இல்ல சார். அடிச்சா கையெழுத்துப் போடணும்லா.”

“யார் சொன்னது?”

“எங்க கம்பெனில சொல்லிருக்காவ சார். கையெழுத்து இல்லாம அடிச்சா அது திருத்தம் இல்ல, திருட்டு.”

“இங்க கையெழுத்து போட்டாத்தாம்மா திருட்டு!”

இந்த இடத்தில் ஜெகநாதனுக்கும் ஒரு கணம் குழப்பம் வந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷ ஆசிரியப் பணியில் திருடர்கள் யாரும் தேதியோடு கையெழுத்துப் போட்டுத் திருடி அவர் பார்த்ததில்லை. ஆனால் குழப்பம் வரும்போது விதியைப் பிடித்துக்கொள்வதுதான் அவருடைய வழக்கம்.

“மூணு தாளும் பறிமுதல். விளக்கம் எழுதிக் குடு.”

“எதுல சார் எழுத?”

வெள்ளைத்தாள் உள்ளே கிடையாது. அதுதான் வாசலில் திருநீற்றுக்கே நடந்ததே. ஜெகநாதன் தாராளமாக ஒரு புது ரோஸ் தாளை நீட்டினார்.

ராஜலட்சுமி மெல்லச் சொன்னார். “சார், விளக்கம்னா அடியில கையெழுத்து வாங்கணும்.”

“ஆமா. வாங்குங்க.”

“ரோஸ் தாள்ல கையெழுத்து போட்டா முறைகேடு சார்.”

ஜெகநாதன் ரோஸ் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பேரவையின் உதவி எண்ணை அழுத்தினார். கூடத்தில் போன் வைத்திருக்க அனுமதி உள்ள ஒரே ஆள் அவர்தான். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, புல்லாங்குழலை ஊதவிட்டுப் போய்விட்டது.

“சார்,” என்றாள் பாண்டிச்செல்வி. “அதுவரைக்கும் நான் கேள்வியப் பாக்கட்டா? இன்னும் முப்பத்திரண்டு கிடக்கு.”

“பாரு. ஆனா தாள் கிடையாது.”

“சரி சார்.”

அவள் திரும்பி உட்கார்ந்தாள். சோதனை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உதிரித் தாள் எதுவும் வைக்கக் கூடாது என்பது அவளுடைய தொழிற்சாலையின் இன்னொரு விதி. கையுறை முழுக்க எண்ணெய் வேறு. பதினோரு வருஷமாக அங்கே கணக்கு மண்டைக்குள்தான் ஓடுகிறது. கம்பியின் விட்டம் இருபது. பத்தும் பத்தும் நூறு, அதை மூணு புள்ளி ஒண்ணு நாலால் பெருக்கினால் முந்நூற்றுப் பதினாலு. பாரம் அறுபத்திரண்டாயிரத்து எண்ணூறு. வகுத்தால் இருநூறு. சொடுக்கினாள். உதடு மட்டும் அசைந்தது. உதடு அசைவதற்கு எதிராகப் பதினேழில் விதி இல்லை.

ஜெகநாதன் காதில் புல்லாங்குழலோடு மேடைக்குப் போய் முறைகேட்டுப் படிவத்தை எடுத்தார். எழுதத் தொடங்குமுன் மனசாட்சி உறுத்தியதோ, இன்னும் பெரிய கூட்டுச்சதி அகப்படும் என்று ஆசை வந்ததோ, பாண்டிச்செல்வியிடம் திரும்பி வந்தார்.

“உண்மையச் சொல்லிடு. இது உன்னோட நின்னுதா? வேற யாரும் போட்டுகினு இருக்காங்களா?”

பாண்டிச்செல்வி எழுபத்தொன்பதாவது கேள்வியில் இருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வேலையிடத்தில் கேட்டால் என்ன சொல்வாளோ அதையே சொன்னாள்.

“தெரியாது சார். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா அந்த லாட் பூராவும் செக் பண்ணணும். அதான் முறை.”

விதிகளை நேசிக்கும் ஒருவரிடம் ‘முறை’ என்று சொல்வது குடிகாரரிடம் கடை திறந்திருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. ஜெகநாதன் நிமிர்ந்தார். “ராஜலட்சுமி! அறுபது பேர் தாளையும் பாக்குறோம். நீங்க அந்தப் பக்கத்துலருந்து வாங்க.”

முதல் மேசை. தாளின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி. அதற்கு அடியில் கோடு.

இரண்டாவது மேசை. சுழி, கோடு, இரண்டு புள்ளி.

மூன்றாவது மேசை இசக்கிதுரையுடையது. சுழி போட்டு, ‘வல்லக்கோட்டை முருகன் துணை’ என்று முழு முகவரியும் எழுதி, அதற்குமேல் கணக்கு எதுவும் இல்லாமல் தாள் துப்புரவாக இருந்தது.

“யோவ், இது இன்னாய்யா?”

“சாமி சார்.”

“சின்னம்யா அது! விதி ஒன்பது!”

“சாமிய நீங்க சின்னம்னு சொல்லுதியோ. நான் துணைன்னுல்லா எழுதியிருக்கேன்.”

ஜெகநாதன் வேகமாக நடந்தார். நடக்க நடக்க வேகம் குறைந்தது. ராஜலட்சுமி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து நடுவில் சந்தித்தார். இருவரும் மேடைக்குப் போய்க் கணக்கைச் சேர்த்தார்கள். பிள்ளையார் சுழி ஐம்பத்தேழு. சிலுவை ஒன்று. எழுநூற்று எண்பத்தாறு ஒன்று. எந்தச் சின்னமும் இல்லாமல் உச்சி காலியாக இருந்தது ஒரே ஒருத்தியின் தாள். தரப் பரிசோதனை ஆவணங்களில் சம்பந்தமில்லாத குறி எதுவும் கூடாது என்று அவளுடைய தொழிற்சாலைச் சுவரில் எழுதியிருக்கிறது.

“அறுபதும் கேஸ் சார்,” என்றார் ராஜலட்சுமி. “படிவம் எத்தினி இருக்கு?”

“அஞ்சு.”

“ஒண்ணொண்ணும் மூணு காப்பி எய்தணும்.”

ஜெகநாதன் மனதில் பெருக்கிப் பார்த்தார். அவருக்கும் தாள் இல்லை. “மொதல்ல இந்தப் பொண்ணோடத முடிப்போம்,” என்று பேனாவைத் திறந்து, முறைகேட்டுப் படிவத்தின் உச்சியில் கையை வைத்தார். எழுதத் தொடங்கினார்.

ராஜலட்சுமி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்ல சார். நீங்களும் போட்டுட்டீங்க.”

படிவத்தின் உச்சியில், முப்பத்தெட்டு வருஷமாக விடுப்புக் கடிதம் முதல் மெமோ வரை எல்லாவற்றிலும் விழுந்த அதே சுழி, அழகாக, ஒரே இழுப்பில், கோட்டோடு விழுந்திருந்தது. பேரவையின் படிவமும் ரோஸ் நிறத்தில்தான் அச்சடிக்கப்பட்டிருந்தது. ஜெகநாதன் பேனாவை மூடி வைத்தார். காதில் புல்லாங்குழல் ஊதிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு மணி அடித்தது. கணினிகள் தாமாகவே மூடிக்கொண்டன. பாண்டிச்செல்வி தொண்ணூற்றேழில் நின்றிருந்தாள். எழுந்து நேராக மேடைக்குப் போனாள்.

“சார், கேஸ் எழுதிட்டீங்களா?”

ஜெகநாதன் போனை அணைத்தார். புல்லாங்குழல் நின்றதும் கூடமே அமைதியானது போல இருந்தது. இரண்டாம் தமிழில் பேசினார்.

“தோ பாரும்மா. நீயும் ஒண்ணும் பண்ல. நானும் ஒண்ணும் பாக்கல. வூட்டுக்குப் போ.”

“அப்ப அந்தப் படிவம்?”

“கேன்சல்.” படிவத்தின் குறுக்கே ஒரே கோடாக இழுத்தார்.

பாண்டிச்செல்வி போயிருக்கலாம். போகத்தான் திரும்பினாள். இரண்டடி வைத்தாள். முடியவில்லை. திரும்பி வந்தாள்.

“சார்.”

“இன்னும் இன்னா?”

“அடிச்சீங்கல்லா. பக்கத்துல கையெழுத்து. தேதியும்.”

ராஜலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. ஜெகநாதன் பாண்டிச்செல்வியைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். பிறகு கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். போட்டு முடித்ததும் இயல்பாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார். முறை என்று ஒன்று இருந்தால் ஆளுக்கு அது ஒரு தெம்புதான்.

நூற்றெண்பது ரோஸ் தாள்களும் எண்ணி, அரக்கு வைத்து, மூன்றாண்டு பாதுகாப்புக்காக அனுப்பப்பட்டன. இசக்கிதுரை வாசலில் காத்திருந்தார்.

“உன்னால எனக்கும் லாபம் தங்கச்சி. அந்தாளு தாள் பாக்க வந்தப்ப பயத்துல நாலு கேள்விக்குக் கண்ண மூடிக்கிட்டுச் சொடுக்கிட்டேன். மத்ததெல்லாம் யோசிச்சுப் போட்டது, அதான் கவலையா இருக்கு.”

பிப்ரவரிக் கடைசியில் முடிவு வந்தது. பாண்டிச்செல்வி எழுபத்தாறு மதிப்பெண், தேர்ச்சி. இசக்கிதுரை நாலாவது தடவைக்குப் பணம் கட்டினார். உரிமம் போனுக்கே வந்தது. அவள் அதை சுங்குவார்சத்திரத்தில் பிரிண்ட் எடுத்து, அதே கடையில் மையூற்றும் பேனா ஒன்றும் வாங்கினாள். சுகப்பிரியா ரூமில் அந்தப் பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சிருவமா?”

“சும்மா கெடட்டி.”

“கையெழுத்துப் போட்டுப் பழகணுமா? மளிகை லிஸ்ட் இருக்கு, தக்காளிய அடி.”

மார்ச் மாதம் ஹேமந்தின் ஒப்பந்தம் முடிந்தது. திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் பாண்டிச்செல்வி முதல் தொகுதியைச் சோதித்தாள். பதினெட்டாவது கொக்கியின் கழுத்தில், சாயத்தில், மயிரிழை. நவம்பரில் பார்த்ததேதான், அச்சு அசலாக. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கையுறையைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பேனாவை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

ஆபீசில் ஹேமந்த் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் புது அடையாள அட்டை: டிஜிட்டல் ஆலோசகர். மேனேஜர் அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வா வா, பாண்டிச்செல்வி,” என்றார் ஹேமந்த். “கங்கிராட்ஸ்! கரெக்ட் டைமுக்கு வந்த. புது சாஃப்ட்வேர் போட்டிருக்கோம். இனிமே யார் வேணாலும் என்ட்ரி போடலாம். லைசென்ஸ்கூட தேவயில்ல.”

“நான் ஒண்ணை ரிஜெக்ட் பண்ணணும் சார்.”

“தாராளமா. அந்த லிஸ்ட்ல ‘ரிஜெக்ட்’டைத் தொடு, என்டர் தட்டு. வேல முடிஞ்சுது.”

தொட்டாள். தட்டினாள். பிரிண்டர் உறுமி ஒரு தாளைத் துப்பியது. பாண்டிச்செல்வி பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு அதன் அடிப்பக்கத்தில் கட்டத்தைத் தேடினாள். கட்டம் இல்லை. அந்த இடத்தில், பொடி எழுத்தில், ஒரு வரி அச்சாகியிருந்தது.

இது கணினியில் உருவாக்கப்பட்ட ஆவணம், கையொப்பம் தேவையில்லை.